தலைவர் வராத நாளில் கூட்டம் நடக்குமா?



நம் மஹல்லாவில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ரமழானில் நோன்புக் கஞ்சிக்கு ஒரு குழு, ஜனாஸா வேலைகளுக்கு ஒரு குழு, பிள்ளைகளின் படிப்புக் கட்டணத்துக்கு உதவ வாலிபர்கள் நடத்தும் குழு, சகோதரிகள் வாரந்தோறும் சேமிக்கும் குழுக்கள் நான்கைந்து. உற்சாகமாகத் தொடங்குகிறார்கள். அடுத்த ரமழான் வருவதற்குள் இவற்றில் பாதி இருப்பதில்லை.

ஏன் நின்றது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். "யாருக்கும் நேரமில்லை பாய்." "காசு சேரல பாய்." அறக்கட்டளைக்கு வரும் மனுக்களையும் கணக்கு நோட்டுகளையும் பல வருடங்களாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: காசில்லாமல் நின்ற குழுக்களைவிட, ஒரே ஒரு ஆள் ஊரில் இல்லாமல் போனதால் நின்ற குழுக்களே அதிகம். அவருக்கு விசா வந்திருக்கும். அல்லது குழுவை நடத்திய சகோதரிக்கு வெளியூரில் மகள் வீட்டுப் பிரசவம் பார்க்கப் போக வேண்டியிருந்திருக்கும். அவரோடு ரசீதுப் புத்தகமும் போய்விடும். யார் எவ்வளவு கட்டினார்கள், யார் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பது அவர் ஒருவரின் மனதில் மட்டும் இருந்திருக்கும். பணம் களவு போயிருக்காது. ஆனால் யாருடையது எவ்வளவு என்று சொல்ல ஆளிருக்காது. அங்கே சந்தேகம் முளைக்கும். ஒரே தெருவில் இரண்டு குடும்பங்கள் ஸலாம் சொல்லிக்கொள்வதை நிறுத்திவிடும்.

இழப்பு யாருக்கு என்று பாருங்கள். வாரம் 100 ரூபாய் போட்டு, ஜூன் மாதத்தில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுக்கலாம் என்று இருந்த பெண்ணுக்குத்தான். அந்தக் குழு கலைந்த மறுமாதம் அவர் வாரக் கடன் கொடுக்கிற கம்பெனியின் வட்டிக் கடனில் போய் நிற்பார். ஆகவே குழுவை எப்படி நடத்துவது என்பதைப் படித்தவர்கள் பேசிப் பொழுதுபோக்கும் விஷயமாக எண்ண வேண்டாம். பல வீடுகளின் அடுப்போடு சம்பந்தப்பட்டது இது.

தலைவர் அறையைவிட்டு வெளியே போனபோது

1930-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரும், லிப்பிட், ஒயிட் என்ற இரு ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பத்து வயதுப் பையன்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, பள்ளி விட்ட பின் முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பெரியவர் ஒருவர் தலைவர்.

மூன்று வகைத் தலைமை இருந்தது. ஒரு வகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே முடிவு செய்வார். அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதைக்கூடப் பையன்களுக்குச் சொல்ல மாட்டார். இன்னொருவர் பையன்களோடு கலந்து பேசி, வேலையை அவர்களே பிரித்துக்கொள்ள விடுவார்; தானும் உட்கார்ந்து வேலை செய்வார். மூன்றாமவர் எதிலும் தலையிட மாட்டார். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் சும்மா இருப்பார்.

தலைவர் அறையில் இருந்தவரை அதட்டி நடத்திய குழுவில்தான் வேலை அதிகம் நடந்தது. இதை நாம் மறைக்கக் கூடாது, ஏனென்றால் நம்மை ஏமாற்றுவதே இதுதான். அதட்டலுக்கு அடங்கிப் போன குழுக்களில் நேரத்தின் 74 சதவீதம் வேலையில் கழிந்தது. கலந்து பேசிய குழுக்களில் 50 சதவீதம்தான். பிறகு தலைவர் ஏதோ காரணம் சொல்லி வெளியே போனார். அதட்டலில் நடந்த குழுவில் வேலை 29 சதவீதமாக விழுந்தது. கலந்து பேசிய குழுவில் 46 சதவீதம். ஏறக்குறைய முன்பு இருந்த அதே அளவு. அதட்டப்பட்ட பையன்கள் இன்னொன்றும் செய்தார்கள். தலைவரிடம் காட்ட முடியாத கோபத்தைத் தங்களுக்குள் ஒருவன் மீது திருப்பி, அவனைக் குறிவைத்துச் சீண்டினார்கள்.

மூன்றாவது வகைக் குழுவில், தலைவர் அறையில் இருந்தபோது வேலை குறைவாகவே நடந்தது. நம்மில் நல்ல மனமுள்ள பலர் "நான் எதிலும் தலையிடுவதில்லை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்வதைப் பெருந்தன்மை என்று நினைக்கிறார்கள். பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது வேறு, பொறுப்பைக் கைகழுவுவது வேறு.

நம் குழுக்களை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். செயலாளர் இருக்கும்போது கூட்டம் எவ்வளவு ஜோராக நடக்கிறது என்று பார்க்க வேண்டாம். அவர் உம்ராவுக்குப் போயிருக்கும் இருபது நாட்களில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

யார் பேசுகிறார்கள்?

நமது கூட்டங்கள் நடக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். முன்னே ஒரு மேசை, அதன் மேல் மைக். மேசைக்குப் பின்னால் நான்கு நாற்காலி. எதிரே வரிசையாக மற்றவர்கள். தலைவர் திட்டத்தைச் சொல்வார். "இதில் யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?" என்பார். ஒருவரும் பேச மாட்டார்கள். "ஏகமனதாக நிறைவேறியது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். கூட்டம் முடிந்து செருப்பைத் தேடும் இடத்தில்தான் உண்மையான கருத்துகள் வெளிவரும்.

இந்த மௌனத்தைச் சம்மதம் என்று கொள்ள முடியாது. 1950-களில் சாலமன் ஆஷ் என்ற அறிஞர் இதைச் சோதித்துப் பார்த்தார். ஓர் அறையில் ஏழெட்டுக் கல்லூரி மாணவர்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். சிறு பிள்ளைக்கும் தெரியும் விடை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள். அவர்கள் ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னார்கள். விவரம் தெரியாத அந்த ஒருவரின் முறை கடைசிக்குச் சற்று முன்பு வரும். அப்படிச் சோதிக்கப்பட்டவர்கள் தந்த விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கூட்டத்தோடு ஒத்துப்போன தவறான விடைகள். நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது வளைந்து கொடுத்தார்கள்.

இதில் நமக்குப் பயனுள்ள பகுதி அடுத்தது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லும்படி ஆஷ் மாற்றி அமைத்தார். உடனே, வளைந்து கொடுப்பது முன்பிருந்ததில் கால் பங்காகக் குறைந்தது. ஒரு துணைக்குரல் போதும். ஆகவே குழுவில் "இது சரியா வராதுன்னு எனக்குத் தோணுது" என்று சொல்கிற ஒரு ஆளை நாம் விரட்டிவிட்டால், அவரோடு இன்னும் பலரின் வாயையும் அடைத்துவிடுகிறோம். அவர் சொல்வது தவறாகவே இருந்தாலும் அவர் தேவை. அவர் பேசிய பிறகுதான் அடுத்தவருக்குத் துணிவு வருகிறது.

மத்ரஸாவில் படித்த நமக்கு இது புதிய செய்தி இல்லை. பத்ருக் களத்தில் நபி (ஸல்) அவர்கள் ஓரிடத்தில் தங்கியபோது, ஹுபாப் பின் முன்திர் (ரலி) அவர்கள் முதலில் ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்த இடம் அல்லாஹ்வின் கட்டளைப்படி அமைந்ததா, அல்லது போர் உத்தி கருதி எடுத்த முடிவா? போர் உத்திதான் என்று தெரிந்த பிறகே, எதிரிக்கு அருகிலுள்ள கிணற்றருகே செல்வது நல்லது என்று தம் கருத்தைச் சொன்னார்கள். நபியவர்கள் அதை ஏற்று இடம் மாறினார்கள் என்று சீரா நூல்கள் கூறுகின்றன. அங்கே இரண்டு பக்கமும் பாடம் இருக்கிறது. கருத்துச் சொன்னவர், எது கருத்துக்கு இடமுள்ள விஷயம் என்று தெரிந்துகொண்டு, அதபோடு பேசினார். கேட்டவர், தம் தகுதியை நினைத்துத் தயங்காமல் முடிவை மாற்றினார்கள். நாம் மஷூரா என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிட்டோமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

செய்முறைக்கு வருவோம். மேசையை எடுத்துவிடுங்கள். பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். தலைவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். "யாருக்காவது கருத்து உண்டா" என்று பொதுவாகக் கேட்காமல், வலப்பக்கத்திலிருந்து ஒவ்வொருவராகக் கேளுங்கள். வயதில் சிறியவரும் புதிதாகச் சேர்ந்தவரும் முன்னால் பேசட்டும். பெண்கள் குழுக்களில் மாமியாரும் மருமகளும் ஒரே குழுவில் இருந்தால் மருமகள் வாய் திறக்க மாட்டார். முடிந்தவரை இருவரையும் வெவ்வேறு குழுவில் சேர்ப்பது நல்லது.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. கூட்ட நேரத்தை அறிவிக்க, ரசீதின் படத்தைப் போட அது நல்ல சாதனம். முடிவெடுக்க உதவாது. இரவு பதினொரு மணிக்கு ஒருவர் குரல் பதிவு போடுவார். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டுவார்கள். மற்ற பன்னிரண்டு பேர் காலையில்தான் பார்ப்பார்கள். அதற்குள் அது "குழுவின் முடிவு" ஆகியிருக்கும்.

சொற்பொழிவும் கலந்துரையாடலும்

முன்னே சொன்ன லெவின் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இன்னொரு சோதனை செய்தார். அமெரிக்காவில் இறைச்சித் தட்டுப்பாடு. மாட்டின் இருதயம், கிட்னி போன்ற உள்ளுறுப்புகளை மக்கள் சமைக்க வேண்டும் என்பது அரசின் விருப்பம். நம் வீடுகளில் குடல் குழம்புக்கும் கிட்னி வறுவலுக்கும் போட்டியே நடக்கும். அங்கே அன்று அவற்றைத் தொட அருவருப்பு. லெவின் இல்லத்தரசிகளை ஆறு குழுக்களாக அமைத்தார். ஒவ்வொன்றிலும் 13 முதல் 17 பேர். மூன்று குழுக்களுக்கு, சத்து, சிக்கனம், சமைக்கும் முறை எல்லாம் விளக்கி நல்ல சொற்பொழிவு. மற்ற மூன்றில், நம் போன்ற பெண்களுக்கு இதில் என்ன தடை என்று அவர்களையே பேசவிட்டு, இறுதியில் யார் யார் செய்து பார்க்கப் போகிறீர்கள் என்று கை தூக்கச் சொன்னார்கள். இரண்டு முறைக்கும் ஆன நேரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு விசாரித்தபோது, சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேரும், பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம் பேரும் அதுவரை சமைக்காத ஒன்றைச் சமைத்திருந்தார்கள்.

பயான் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயானின் வேலை வேறு. ஆனால் பெண்பிள்ளைகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தாமல் படிக்க வைப்பது, மண்டபத்தில் ஆடம்பர வலீமாவைக் குறைப்பது போன்று வீட்டுக்குள் மாற வேண்டிய விஷயங்களுக்கு, மண்டபத்தில் 300 பேருக்கு நடத்தும் ஒரு கூட்டத்தைவிடத் தெருவுக்குத் தெரு 15 பேர் உட்கார்ந்து பேசுவது பலன் தரும். செலவும் குறைவு, பிரியாணி வேண்டியதில்லை.

கயிறு இழுத்த எட்டுப் பேர்

ஆள் அதிகமானால் வேலை அதிகம் நடக்கும் என்று நினைக்கிறோம். பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் ரிங்கல்மேன், கயிறு இழுக்கச் செய்து விசையை அளந்து பார்த்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரின் பங்கு, அவர் தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். 1979-இல் அமெரிக்காவில் லட்டானேயும் அவரது தோழர்களும் ஆட்களைச் சத்தம் போடச் சொல்லி அளந்தார்கள். 6 பேர் சேர்ந்து கத்தியபோது ஒருவருக்கு விழுந்த பங்கு, தனியாகக் கத்தியதில் 40 சதவீதம். தன்னுடைய சத்தம் தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தபோது அந்தச் சோம்பல் மறைந்தது என்பதை அடுத்து வந்த சோதனை காட்டியது.

நம் தீர்மானப் புத்தகங்களைத் திறந்து பாருங்கள். "மருத்துவ முகாம் நடத்துவது என முடிவு செய்யப்பட்டது." நடத்துவது யார்? டாக்டரிடம் போய்ப் பேசுவது யார், எந்தத் தேதிக்குள்? அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயரும் தேதியும் இருந்தால் வேலை நடக்கும். "அனைவரும் சேர்ந்து" என்று எழுதியிருந்தால், கடைசியில் செயலாளரும் அவர் மகனும்தான் பந்தலுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

மூன்று பூட்டுப் பெட்டி

ஆப்பிரிக்காவில் நைஜர் என்றொரு நாடு. மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். உலகின் மிக வறிய நாடுகளில் ஒன்று. அங்கே மாரடி பகுதியில் 1991-இல் கேர் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பெண்களின் சேமிப்புக் குழுக்களைத் தொடங்கியது. ஹவுசா மொழியில் மாதா மாசு துபாரா என்று பெயர். வெளியிலிருந்து கடன் பணம் எதுவும் கிடையாது. பெண்கள் போடும் பணம்தான் முதல். அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கை எப்படி வைத்திருக்க முடியும்?

காதும் நினைவும்தான் நோட்டு. பணம் எல்லோர் முன்னிலையிலும் எண்ணப்படும். எண்ணிக்கை உரக்கச் சொல்லப்படும். மிச்சம் எவ்வளவு என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தில் சொல்வார்கள். இந்த முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியபோது மூன்று பூட்டுள்ள இரும்புப் பெட்டி வழக்கமாயிற்று. பெட்டி ஒருவர் வீட்டில். மூன்று சாவிகளும் வேறு மூன்று பேரிடம். கூட்டத்தில் அல்லாமல் பெட்டி திறக்காது. பொறுப்பாளர்கள் ஐந்து பேர்: தலைவி, கணக்கு எழுதுபவர், பெட்டியை வைத்திருப்பவர், பணம் எண்ணுபவர் இருவர். ஆண்டுக்கொரு முறை தேர்தல். சுமார் ஓராண்டு முடிந்ததும் சேர்ந்த பணம் முழுவதையும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, விரும்பினால் மீண்டும் புதிதாகத் தொடங்குவார்கள். பழைய கணக்கு புதிய ஆண்டுக்குள் நுழைவதில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது, இது யாரையும் சந்தேகிக்காத ஏற்பாடு என்பதுதான். மூன்று பூட்டு இருப்பதால் பெட்டி வைத்திருக்கும் பெண் மீது ஒரு நாளும் பேச்சு வராது. நம் ஊரில் "நம்ம பாய்தானே, கணக்குக் கேக்குறது மரியாதையா இருக்காது" என்கிறோம். கணக்குக் கேட்காமல் இருந்துவிட்டு மூன்று வருடம் கழித்து அவர் முதுகுக்குப் பின்னால் பேசுவது மட்டும் என்ன மரியாதை? பொதுப்பணம் அமானிதம். அதை வைத்திருப்பவரின் நல்ல பெயரும் நாம் காக்க வேண்டிய அமானிதம்தான்.

வாரக் கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் கணக்கை உரக்கப் படிப்பதற்கு. சென்ற வாரம் இருந்தது, இந்த வாரம் வந்தது, கொடுத்தது, கையிருப்பு. நோட்டு கூட்டம் நடக்கும் வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொருவரிடமும் சிறு பாஸ்புக் இருக்கட்டும்.

பொறுப்பு கைமாறும் வழி

நம் தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு, அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மூலம் தொடங்கின. ஒரு குழுவுக்கு ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். வங்கிக்குப் போவதும் கூட்டம் நடத்துவதும் இவர்கள் பொறுப்பு. நல்ல ஏற்பாடு. ஆனால் நடைமுறையில், படிக்கத் தெரிந்தவர் என்று ஒருவரை ஊக்குநராக்கி, பத்து வருடமானாலும் அவரே தொடரும் குழுக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மற்றவர்களுக்கு வங்கியின் கதவு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

கேரளத்தின் குடும்பஸ்ரீ இதற்கு வேறு வழி கண்டது. 1998-இல் மலப்புறத்தில் அன்றைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த இயக்கம் அது. அண்டைவீட்டுப் பெண்கள் 10 முதல் 20 பேர் சேர்ந்தது ஓர் அயல்கூட்டம். அதில் தலைவி, செயலாளர் தவிர இன்னும் மூன்று பேருக்குத் தனித்தனிப் பொறுப்பு: ஒருவருக்கு வருமானம் தரும் தொழில்கள், ஒருவருக்கு உடல்நலமும் கல்வியும், ஒருவருக்குத் தெருவின் குடிநீர், சாலை போன்ற அடிப்படை வசதிகள். ஆக, இருபது பேரில் ஐந்து பேர் ஏதோ ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். அயல்கூட்டங்கள் சேர்ந்து வார்டு அளவிலும், அவை சேர்ந்து பஞ்சாயத்து அளவிலும் அமைப்பு உண்டு. மூன்று ஆண்டுக்கொரு முறை தேர்தல். 2010-இல் கேரள உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பஸ்ரீ பெண்கள் போட்டியிட்டு வென்றார்கள். ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. தெருக் குழுவில் தண்ணீர்க் குழாய்க்காக மனு எழுதிப் பழகியவர்கள் ஏற்கனவே இருந்தார்கள்.

வங்காளதேசத்தின் கிராமின் வங்கியிலிருந்தும் ஒரு விதியைச் சொல்லலாம். அதன் பழைய முறையில் குழுவுக்கு ஐந்து பேர். முதலில் மிக வறிய இருவருக்குக் கடன். அவர்கள் ஒழுங்காகக் கட்டுவதைப் பார்த்த பின் அடுத்த இருவருக்கு. குழுத் தலைவிக்குக் கடைசியில். தலைமைக்கு வருகிறவர் கைநிறைய வாங்கிக்கொண்டு போக முடியாது. வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். நம் குழுக்களில் தலைவர் பதவிக்கு ஏன் போட்டி, ஏன் சண்டை என்று யோசிப்பவர்கள் இந்த விதியைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

கிராமின் வங்கியும் வங்கிக் கடனோடு இணைந்த சுயஉதவிக் குழுக்களும் வட்டியில் நடப்பவை. நமக்கு அது ஆகாது. அவர்களிடம் நாம் எடுத்துக்கொள்வது குழுவின் அமைப்பை மட்டுமே. வட்டியில்லாமல் கடன் திரும்பி வருமா என்று கேட்பவர்களுக்கு: பாகிஸ்தானில் டாக்டர் அம்ஜத் ஸாகிப் 2001-இல் தொடங்கிய அகூவத் அமைப்பு வட்டியில்லாக் கடன்களைப் பள்ளிவாசல்களில் வைத்தே கொடுத்துவருகிறது. 2021-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. வட்டி என்ற கயிறு இல்லாத இடத்தில் குழுவின் ஒழுங்குதான் கயிறு; ஆகவே மற்றவர்களைவிட நமக்குக் குழு ஒழுங்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

சண்டை வந்தால்

புதிய குழுவில் மூன்றாம் நான்காம் மாதத்தில் மனஸ்தாபம் வரும். 1965-இல் டக்மன் என்ற அமெரிக்க அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சிறு குழுக்கள் கூடுவது, மோதுவது, ஒழுங்குக்கு வருவது, வேலை செய்வது என்ற நான்கு கட்டங்களைக் கடக்கின்றன என்றார். மோதல் அதில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் குழுவைக் கலைப்பவர்கள் அடுத்ததைப் பார்ப்பதே இல்லை. நான் கவனித்தவரை சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் தொகையாக இருப்பதில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்பதுதான். அபராதம் எவ்வளவு, மூன்று வாரம் வராவிட்டால் என்ன, அவசரக் கடன் யாருக்கு முதலில் என்பவற்றை, சண்டை வருவதற்கு முன்பே எல்லோரும் சேர்ந்து எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நம் அறக்கட்டளையிடம் வட்டியில்லாக் கடன் நிதிக்கு மனுச் செய்யும் குழுக்களிடம் இனி சில விஷயங்களைக் கேட்கப் போகிறோம். கடைசி எட்டு வாரக் கணக்கு, உறுப்பினர் கையெழுத்து அல்லது கைநாட்டுடன். பொறுப்பாளர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள் என்பதற்குத் தீர்மானம். இவற்றோடு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது தலைவரும் செயலாளரும் வராமல், முன்பு நடத்தியிராத ஓர் உறுப்பினர் கூட்டம் நடத்தி, கணக்கு வாசித்து, குறிப்பும் எழுதியிருக்க வேண்டும். குறிப்பில் எழுத்துப் பிழை இருக்கலாம். எங்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

கணக்கு நோட்டும் பாஸ்புக்கும் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். அஸருக்குப் பின் மஃரிப் வரை வரலாம். சகோதரிகள் தங்கள் குழுவிலிருந்து இரண்டு பேராக வரவும். அவர்களில் ஒருவராவது இதுவரை அலுவலகத்துக்கு வராதவராக இருக்கட்டும்.